குடும்பப் படத்துக்கு நடிகர்களுடன் ஒத்திகை நடத்துவது எப்படி?

துப்பறியும் படம் ஒன்றில் காவலராகவும் குற்றவாளியாகவும் நடிக்கும் இருவர் படப்பிடிப்புத் தளத்தில்தான் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்கிறார்கள் என்றால் பெரிய பாதகம் இல்லை, ஏனெனில் கதையிலும் அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள்தாம். குடும்பப் படத்தின் நிலைமை இதற்கு நேர்மாறானது. போன மாதம் வரை முகம் பார்த்திராத ஐந்தாறு பேர், இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களாகத் திரையில் தெரிய வேண்டும். அம்மா வாயைத் திறக்கும்போதே அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்பது மகளின் முகத்தில் தெரிய வேண்டும். அண்ணன் கதவைச் சாத்தும் ஓசையைக் கொண்டே அவன் என்ன மனநிலையில் வந்திருக்கிறான் என்று தம்பி கணித்துவிட வேண்டும். இவற்றை வசனமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆகவே, குடும்பப் படத்துக்கான ஒத்திகையின் முதல் வேலை வசனத்தை மெருகேற்றுவது அன்று. நடிகர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு கடந்தகாலத்தை உண்டாக்குவதே ஆகும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எதை எத்தனை முறை ஒத்திகை பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகளுக்கு விடை காண்பது எளிதாகிவிடும்.

நடிகர்கள் வருவதற்கு முன்பு

ஒத்திகை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பாவது இயக்குநர் தனியே அமர்ந்து இரண்டு தாள்களைத் தயாரிக்க வேண்டும். முதலாவது, அந்தக் குடும்பத்தின் ஆண்டுக் கணக்கு. அப்பா, அம்மாவின் திருமணம், ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த ஆண்டு, வீடு மாறிய ஆண்டு, யாரேனும் நோயில் விழுந்த ஆண்டு, யாரேனும் வீட்டை விட்டுப் போன ஆண்டு ஆகிய அனைத்தையும் வரிசைப்படுத்தி எழுதுங்கள். திரைக்கதையில், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மா நீண்ட நாள் நோயுற்றிருந்தாள் என்று ஒரே ஒரு வரி இருக்கலாம். இப்போது மகளுக்கு 28 வயது என்றால் அப்போது அவளுக்கு 20. அவள் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாளா, அல்லது வெளியூர் விடுதியில் இருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வந்து போனாளா? அந்த ஒரு விடையைப் பொறுத்து, இன்று அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் அவளுடைய கையின் பழக்கமே மாறிவிடும். நடிகை இந்தக் கேள்வியைக் கேட்கும் நாளில் இயக்குநர் யோசிக்கத் தொடங்கினால், படத்தைப் பற்றி இவருக்கே இன்னும் தெரியவில்லை என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்துவிடும்.

இரண்டாவது தாள் உறவுகளைப் பற்றியது. ஆறு பேர் கொண்ட குடும்பத்தில் 15 உறவு இணைகள் இருக்கின்றன. திரைக்கதை பெரும்பாலும் அவற்றில் நான்கைந்தை மட்டுமே எழுதியிருக்கும். ஆனால் கேமரா முன்னால் ஆறு பேரும் சேர்ந்து நிற்கும்போது எழுதப்படாத பத்து இணைகளும் கண்ணில் படும். மருமகளுக்கும் கொழுந்தனுக்கும் இடையில் படத்தில் ஒரு வசனம்கூட இல்லாமல் இருக்கலாம். அவர்கள் கலகலப்பாகப் பேசிக்கொள்பவர்களா, பழைய வருத்தம் எதையேனும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பவர்களா என்பது தீர்மானிக்கப்படாவிட்டால், அந்த இரு நடிகர்களும் சட்டகத்தின் ஓரத்தில் மரம் போல நிற்பார்கள். ஒவ்வோர் இணைக்கும் இரண்டு வரி போதும்: ஒருவருக்கு மற்றவர் என்ன கடன்பட்டிருக்கிறார், இருவரும் எதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்கிறார்கள்.

இதே தாளில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். மகள் அப்பாவை ‘நீ’ என்கிறாளா, ‘நீங்க’ என்கிறாளா? மனைவி கணவரைப் பெயர் சொல்லி அழைக்கிறாளா, ‘என்னங்க’ என்கிறாளா, அல்லது எந்த விளியும் இல்லாமலேயே முப்பது ஆண்டுகளை ஓட்டிவிட்டாளா? மூத்த மகனை ‘வா, போ’ என்று பேசிவந்த அப்பா, அவன் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு சில நேரங்களில் ‘வாப்பா’ என்கிறாரா? நம் மொழியில் உறவின் வரலாறு முழுவதும் இந்தச் சிறு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. இதைத் தீர்மானிக்காமல் தளத்துக்குப் போன படங்களில், ஒரே மகன் ஒரு காட்சியில் அம்மாவை ‘நீ’ என்றும் மறு காட்சியில் ‘நீங்க’ என்றும் பேசுவதைப் பார்க்கலாம். கோபத்தின்போது இது வேண்டுமென்றே மாறினால் அது நடிப்பு. கவனக்குறைவால் மாறினால் அந்தக் கணமே குடும்பம் கலைந்துவிடுகிறது.

எத்தனை நாள், யாரை எப்போது அழைப்பது

அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் தம் படங்களுக்குப் படப்பிடிப்புக்கு முன்னால் குறைந்தது இரண்டு வாரம் ஒத்திகை பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தார். தரையில் டேப் ஒட்டி அறைகளைக் குறித்து, நடிகர்களை அதற்குள் நடமாட வைத்து, கடைசி நாள்களில் படம் முழுவதையும் வரிசையாக ஓட்டிப் பார்ப்பார். பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீ இன்னும் ஒரு படி மேலே போய், முழுமையான திரைக்கதை இல்லாமலேயே தொடங்கி, மாதக்கணக்கில் நடிகர்களுடன் பாத்திரங்களை வளர்த்து, அதிலிருந்தே படத்தை உருவாக்குகிறார். நம்மில் பெரும்பாலோருக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. ஒரு குடும்பப் படத்துக்குப் பத்து நாள் கிடைத்தால் அது நல்ல ஒத்திகை. ஐந்து நாள் கிடைத்தாலும் வேலை நடக்கும். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதில் பயன் இல்லை. அதற்குப் பிறகு நடிகர்கள் சோர்ந்துபோய், ஏற்கெனவே கண்டுபிடித்ததையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

கால்ஷீட் பிரச்சினையால் ஒவ்வொரு நடிகரும் தனித்தனி நாளில்தான் வர முடியும் என்று தயாரிப்பு நிர்வாகி சொல்வது வழக்கம். நானும் ஒரு முறை அதற்கு இணங்கி, நால்வரையும் தனித்தனியே அழைத்து, ஒவ்வொருவருடனும் நாள் முழுக்க உழைத்தேன். நால்வரும் சிறப்பாகத் தயாராகி வந்தார்கள். தளத்தில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது நால்வரும் நான்கு வெவ்வேறு படங்களில் நடித்துக்கொண்டிருந்தார்கள், முதல் இரண்டு நாள் படப்பிடிப்பு அதைச் சரிசெய்வதிலேயே போயிற்று. அதன் பிறகு நான் பிடிவாதமாகக் கேட்பது ஒன்றுதான்: வேறு நாள்களில் யார் வந்தாலும் வராவிட்டாலும், தொடர்ச்சியாக இரண்டு நாள் குடும்பத்தினர் அனைவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மற்ற நாள்களை இருவர் மூவர் காட்சிகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

பத்து நாள் இருந்தால், முதல் நாள் வாசிப்பு, அடுத்த மூன்று நாள் குடும்பத்தை உருவாக்கும் பயிற்சிகள், அதன்பின் நான்கு நாள் முக்கியக் காட்சிகள், ஒன்பதாம் நாள் ஒளிப்பதிவாளருடன் நடமாட்டங்கள், பத்தாம் நாள் வரிசை ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தே நாள்தான் என்றால் காட்சிகளுக்கான நாள்களைக் குறையுங்கள். குடும்பத்தை உருவாக்கும் நாள்களில் கை வைக்காதீர்கள். காட்சியைத் தளத்தில்கூடச் சரிசெய்துவிடலாம், பழக்கத்தை அங்கே உண்டாக்க முடியாது.

முதல் வாசிப்பு

முதல் நாள் அனைவரும் வட்டமாக அமர்ந்து திரைக்கதையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை வாசிக்க வேண்டும். நடிக்க வேண்டாம், எதிரில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொன்னால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் உணர்ச்சியோடு வாசிக்கத் தொடங்கியதும் மற்றவர்களும் போட்டிக்கு இறங்கிவிடுவார்கள். காட்சி விவரணைகளை உதவி இயக்குநர் ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். இயக்குநர் வாசிக்கக் கூடாது, ஏனெனில் அவர் கேட்க வேண்டும். எந்த இடத்தில் நடிகர்கள் தாளிலிருந்து கண்ணை எடுத்து ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் நடிகர் மூன்று முறை தடுக்கினால் பெரும்பாலும் குறை அந்த வரியில்தான் இருக்கும். அன்று யாருக்கும் தனிப்பட்ட திருத்தம் சொல்ல வேண்டாம்.

பொதுவான கடந்தகாலத்தை உண்டாக்குவது

ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்பொலா, 1972இல் வெளிவந்த ‘காட்ஃபாதர்’ படத்துக்கு முன்னால் செய்த ஒரு காரியம் குடும்பப் படம் எடுப்பவர்கள் அனைவருக்கும் பயன்படக்கூடியது. நடிகர்களை ஓர் உணவகத்தில் ஒரே மேசையைச் சுற்றி அமரவைத்தார். தந்தையாக நடிக்கவிருந்த மார்லன் பிராண்டோ மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார்; மகள் வேடமேற்ற டாலியா ஷயர் பரிமாறினார்; பிள்ளைகளாக நடிக்கவிருந்தவர்கள் அந்தப் பெரிய நடிகருக்கு முன்னால் இயல்பாகவே பிள்ளைகளைப் போல நடந்துகொள்ளத் தொடங்கினார்கள். யாரும் வசனம் பேசவில்லை, காட்சி எதையும் ஒத்திகை பார்க்கவுமில்லை. சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டதிலேயே அந்தக் குடும்பத்தில் யாருக்கு எந்த இடம் என்பது நிலைபெற்றுவிட்டது.

இதைச் செய்ய உணவகம் வேண்டியதில்லை. ஒத்திகைக் கூடத்திலேயே நடிகர்களுக்கு ஒரு வீட்டு வேலையைக் கொடுங்கள். துணிகளை மடித்து அடுக்குவது, பழைய பொருள்களைப் பெட்டிகளில் கட்டுவது, சேர்ந்து சமைப்பது என எதுவாகவும் இருக்கலாம். பாத்திரங்களாகவே இருந்து அதை அரைமணி நேரம் செய்ய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. யார் வேலையைப் பங்கிடுகிறார், யார் சொல்லாமலே செய்கிறார், யார் நழுவுகிறார், யார் செய்ததை இன்னொருவர் மறுபடி எடுத்துச் சரிசெய்கிறார் என்பவை பத்து நிமிடத்தில் வெளிப்படும். இயக்குநர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும், குறுக்கிடக் கூடாது. ஒரு நடிகை பக்கத்தில் நிற்பவரைப் பார்க்காமலேயே கையை நீட்ட, அவரும் பார்க்காமலேயே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கும் கணம் வரும்போது அவர்கள் அக்கா, தங்கை ஆகிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, திரைக்கதையில் இல்லாத பழைய நிகழ்வுகளை நடித்துப் பாருங்கள். ஆண்டுக் கணக்கிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்: மகன் வேலைக்காக வீட்டை விட்டுக் கிளம்பிய காலை, அம்மாவின் நோயைப் பற்றி மருத்துவர் சொன்ன மாலை, இரண்டு சகோதரர்களும் பேச்சை நிறுத்திக்கொண்ட இரவு. எழுதப்பட்ட வசனம் எதுவும் வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டு இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். முடிந்த பிறகு ‘நன்றாக இருந்தது’, ‘இன்னும் வேண்டும்’ என்ற மதிப்பீடுகளைத் தவிர்த்து, ‘அந்த நேரத்தில் அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது?’ என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பின்னாளில் படப்பிடிப்பில் அந்த இரவைப் பற்றி ஒரு சகோதரன் குறிப்பாகப் பேசும்போது, நடிகர் கற்பனை செய்ய வேண்டியதில்லை, அவருக்கு அது நினைவாகவே வரும். இந்தப் பயிற்சிகளில் பிறக்கும் வசனங்கள் அந்த நேரத்துச் சூட்டில் அருமையாகத் தோன்றும், அவற்றை அப்படியே திரைக்கதையில் ஏற்றிவிடும் ஆசையும் வரும். ஒரு வாரம் கழித்து எழுத்தாளருடன் அமர்ந்து படித்துப் பார்த்தால் பத்தில் ஒன்றுதான் தேறும். அந்த ஒன்று போதும்.

இந்த நாள்களில் நடிகர்களைச் சேர்த்துச் சில புகைப்படங்கள் எடுத்துவைத்துக்கொண்டால் கலை இயக்குநர் அவற்றை வீட்டுச் சுவரில் மாட்ட முடியும். கணினியில் தலைகளை ஒட்டவைத்துச் செய்த குடும்பப் படம் சுவரில் தொங்குவதைவிட, உண்மையாகவே சேர்ந்து நின்று சிரித்த படம் தொங்குவது நடிகர்களுக்கே ஒரு பலமாக இருக்கும்.

தொடுதலைப் பற்றியும் இங்கேயே பேசிவிட வேண்டும். குடும்பத்தினர் ஒருவரையொருவர் தொடுவது நினைத்துச் செய்வதன்று: மகனின் தோளில் கையூன்றி அம்மா எழுந்திருப்பாள், தங்கையின் தட்டிலிருந்து அண்ணன் எடுத்துத் தின்பான். புதிதாகச் சந்தித்த நடிகர்களுக்கு இது கூச்சத்தைத் தரும். எது தமக்கு இயல்பாக இருக்கும், எது வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியே கேட்டறிந்து, அந்த எல்லையை மதித்து, அதற்குள் பழக்கத்தை வளர்க்க வேண்டும். கன்னத்தில் அறையும் காட்சி இருந்தால் அது திடீர் உணர்ச்சியில் நடக்கட்டும் என்று விட்டுவிடவே கூடாது. கையின் வேகம், தூரம், கேமராவின் கோணம், முகம் திரும்பும் திசை ஆகியவற்றை மெதுவாகப் பலமுறை பயின்று, உண்மையில் அடி விழாமலே அடித்ததாகத் தெரியும்படி அமைப்பதே முறை. உண்மையாக அறைந்தால்தான் நடிப்பு வரும் என்று சொல்லும் இயக்குநர் தம் வேலையை நடிகரின் கன்னத்தின்மேல் சுமத்துகிறார்.

காட்சிகளை ஒத்திகை பார்ப்பது

இனி காட்சிகளுக்கு வருவோம். எல்லாக் காட்சிகளையும் பார்க்க வேண்டியதில்லை. உறவு திரும்பும் காட்சிகள் என்று ஏழெட்டைத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் நேரத்தைச் செலவிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறேன். ஓய்வுபெற்ற அப்பா, தாம் கட்டிய வீட்டை விற்றுவிட முடிவு செய்திருப்பதை மூத்த மகனிடம் சொல்கிறார். மகன், ‘உங்கள் விருப்பம்’ என்கிறான். அப்பா, ‘யோசித்துத்தான் சொல்கிறேன்’ என்கிறார். தாளில் அரைப்பக்கம்தான். இதை எடுத்த எடுப்பில் ஒத்திகை பார்த்தால் அப்பாவாக நடிப்பவர் சோகமாகவும் மகனாக நடிப்பவர் இறுக்கமாகவும் பேசுவார்கள். தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் இயக்குநர் ‘இன்னும் கொஞ்சம் வேதனை வேண்டும்’ என்று சொன்னால் நடிகர் முகத்தில் வேதனையை வரவழைக்க முயல்வார், அவருடைய கவனம் எதிரில் இருப்பவரிடமிருந்து தம் முகத்துக்குத் திரும்பிவிடும். உணர்ச்சியைக் கேட்காதீர்கள், செயலைக் கொடுங்கள். முதல் முறை அப்பாவிடம், ‘மகனிடம் அனுமதி கேளுங்கள்’ என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை, ‘தகவலைச் சொல்லிவிட்டு அவன் கேள்வி கேட்பதற்குள் பேச்சை முடித்துவிடுங்கள்’ என்று சொல்லுங்கள். மூன்றாம் முறை, ‘அவன் உங்களைத் தடுக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்’ என்று அவர் காதில் மட்டும் சொல்லுங்கள். அதே சொற்கள்தாம். ஆனால் மூன்றாம் முறை, ‘யோசித்துத்தான் சொல்கிறேன்’ என்றபின் அவர் எழுந்து போகாமல் ஒரு கணம் காத்திருப்பார், அந்தக் காத்திருப்பைப் புரிந்துகொள்ளாத மகன் கைப்பேசியைப் பார்ப்பான். காட்சி எதைப் பற்றியது என்பது அப்போதுதான் அனைவருக்கும் தெரியவரும். பல நேரங்களில் எழுதியவருக்கே அது புதிய செய்தியாக இருக்கும்.

குறிப்புகளைத் தனித்தனியே, மெல்லிய குரலில் கொடுப்பதற்கு இது ஒரு காரணம். மகனாக நடிப்பவருக்கு அப்பாவின் உள்நோக்கம் தெரியாமல் இருந்தால்தான் அவர் உண்மையில் கேட்டு, உண்மையில் தவறவிடுவார். இன்னொரு காரணம் மரியாதை. மூத்த நடிகர் ஒருவரை இளையவர்கள் முன்னிலையில் திருத்தினால், அதன்பின் அவர் அந்தக் குடும்பத்தின் தலைவராக உட்காருவது கடினம்.

வசனம் மனப்பாடமாகி ஓட்டம் பிடித்துவிட்டது, ஆனால் உயிர் இல்லை என்று தோன்றினால் மூன்று வழிகளை முயன்று பார்க்கலாம். அதே காட்சியை ஒரு சொல்கூடப் பேசாமல் நடிக்கச் சொல்லுங்கள். எந்த வசனம் இல்லாமலேயே காட்சி புரிகிறதோ அந்த வசனத்தை வெட்டிவிடலாம். அடுத்து, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதாக வைத்துக்கொண்டு கிசுகிசுப்பாகச் சண்டை போடச் சொல்லுங்கள். வீடுகளில் பெரிய சண்டைகள் பலவும் அடங்கிய குரலில்தான் நடக்கின்றன. மூன்றாவதாக, கைக்கு ஒரு வேலை கொடுங்கள். குடும்பத்தினர் நேருக்கு நேர் நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து மனம் திறப்பது அபூர்வம். பாத்திரம் கழுவிக்கொண்டே, செருப்பைத் தேடிக்கொண்டே, எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டே முக்கியமானவற்றைச் சொல்லிவிடுகிறார்கள்.

இயக்குநர் தாமே நடித்துக் காட்டும் வழக்கத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதனால் நேரம் மிச்சமாகலாம், சிலர் அதில் மிகுந்த திறமை உடையவர்களும்கூட. ஆனால் குடும்பப் படத்தில் ஆறு பேருக்கும் ஒருவரே நடித்துக் காட்டினால் ஆறு பேரும் ஒரே ஏற்ற இறக்கத்தில் பேசுவார்கள், திரையில் குடும்பம் இராது, இயக்குநர்தான் இருப்பார். சாயல் வேண்டும் என்றால் அதை நடிகர்களுக்கிடையிலிருந்தே எடுங்கள். அப்பாவாக நடிப்பவர் யோசிக்கும்போது காது மடலைத் தடவுகிறார் என்றால், மகனாக நடிப்பவரைக் கூர்ந்து பார்க்கச் சொல்லி, படத்தில் ஒரே ஓர் இடத்தில் அதைத் திருப்பிச் செய்யச் சொல்லலாம். முகச்சாயல் இல்லாத இருவரைத் தந்தையும் மகனுமாக நம்பவைக்க ஒப்பனையைவிட இது உதவும்.

பலர் சேர்ந்து பேசும் சாப்பாட்டுக் காட்சி தனிக் கவனம் கேட்பது. இயல்பாகப் பேசினால் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேச்சு விழும், அதுதான் குடும்பத்தின் ஓசை. ஆனால் குளோசப் எடுக்கும்போது சட்டகத்துக்கு வெளியே இருப்பவரின் குரல் மேலே விழுந்தால் எடிட்டிங்கில் அந்த வசனத்தைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே எந்த வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்து, மாஸ்டர் ஷாட்டில், அதாவது காட்சி முழுவதையும் எல்லாரும் தெரியும்படி எடுக்கும் ஷாட்டில், அப்படியே பேசி, குளோசப்பில் மட்டும் சிறு இடைவெளி விட்டுப் பேச நடிகர்களைப் பழக்க வேண்டும். நீங்கள் நேரடி ஒலிப்பதிவு, அதாவது படப்பிடிப்பின்போதே குரலைப் பதிவு, செய்பவர் என்றால் ஒலிப்பதிவாளரையும் அன்று அழைத்துவிடுங்கள். உண்பதிலும் ஒரு கணக்கு உண்டு. எந்தச் சொல்லில் கை வாய்க்குப் போகிறது, எந்தச் சொல்லில் தம்ளர் கீழே இறங்குகிறது என்பது நிலைபெறாவிட்டால் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் மாறாத தொடர்ச்சி) பார்ப்பவர் எவ்வளவு குறித்துக்கொண்டாலும் ஷாட்டுகள் ஒட்டா. ஒவ்வொரு டேக்கிலும் சாப்பிட வேண்டும் என்பதால் சிறு கவளமாக எடுக்கும் பழக்கத்தையும் இங்கேயே கற்றுக்கொள்ளட்டும்.

குழந்தைகள்

குழந்தை நடிகர்களுக்குப் பெரியவர்களின் ஒத்திகை முறை பொருந்தாது. ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கொரே-எடா, குழந்தைகளின் கையில் திரைக்கதையைக் கொடுக்காமல், படப்பிடிப்பின்போது வசனத்தை வாயால் சொல்லிக்கொடுத்தே அவர்களை நடிக்கவைத்திருக்கிறார். எல்லாக் குழந்தைகளுக்கும் இதுவே வழி என்று சொல்ல மாட்டேன். எழுத்தைப் படித்து மகிழ்ச்சியாக மனப்பாடம் செய்யும் குழந்தைகளும் உண்டு. ஆனால் வீட்டில் பெற்றோர் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொடுத்து அனுப்பும் வசனத்தை அழிப்பது மிகவும் கடினம் என்பதால், தாளை வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது.

குழந்தையுடனான ஒத்திகையில் பெரும்பகுதி விளையாட்டாகவே இருக்கட்டும். படத்தில் அம்மாவாக நடிப்பவர் குழந்தையுடன் தினமும் அரைமணி நேரம் தனியாக இருக்க வேண்டும்: தலை வாரிவிடலாம், படம் வரையலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். நான்காம் நாள் குழந்தை தானாகவே அவர் மடியில் சாய்ந்தால் பாதி வேலை முடிந்தது. காட்சிப் பயிற்சியை ஒரு நேரத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். குழந்தைகளின் வேலை நேரத்துக்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு. ஒத்திகை நேரத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துப் பாருங்கள். பெற்றோரோ பாதுகாவலரோ எப்போதும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

குழந்தையை அழவைப்பதற்காகப் பயமுறுத்துவதும், அம்மா போய்விட்டாள் என்று பொய் சொல்வதும், எல்லார் முன்னாலும் திட்டுவதும் எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாதவை. அழுகை அவசியம் என்றால் முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டலாம், அழுகைக்குப் பிந்திய அமைதியைக் காட்டலாம், அல்லது அழும் குழந்தையைப் பார்க்கும் அம்மாவைக் காட்டலாம். பெற்றோர் சண்டையிடும் காட்சியில் குழந்தை இருந்தால், சண்டை போடும் இருவரும் ஒத்திகைக்கு முன்னும் பின்னும் குழந்தையுடன் சிரித்துப் பேசி, இது நாம் சேர்ந்து செய்யும் விளையாட்டு என்பதை அதற்குப் புரியவைக்க வேண்டும்.

எதை விட்டுவைப்பது

படத்தின் உச்சக் காட்சியை ஒத்திகையில் முழு உணர்ச்சியோடு பார்க்கக் கூடாது. நடமாட்டத்தைப் பாருங்கள், சொற்களைச் சரிபாருங்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்பதைப் பேசுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒத்திகைக் கூடத்தில் எல்லாரும் கண்ணீர் விட்டு அழுத காட்சியைத் தளத்தில் மறுபடி தேடுவது பெரிய துயரம். நடிகர் அந்தக் கண்ணீரை நினைவுபடுத்திக்கொள்ள முயல்வாரே தவிர, எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார். ஒரு காட்சி பொங்கி வரப்போகிறது என்று தெரிந்த கணத்தில் ‘போதும், இதைக் கேமராவுக்கு வைத்துக்கொள்வோம்’ என்று சொல்லும் துணிவு இயக்குநருக்கு வேண்டும்.

நடிகர்களின் இயல்பும் இந்த நாள்களில் தெரியவரும். ஒருவருக்கு முதல் முறையே சிறந்த முறை. இன்னொருவருக்கு ஐந்தாம் முறைதான் சூடு பிடிக்கும். இருவரும் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள் என்றால், முதல் முறையிலேயே மலர்பவரின் குளோசப்பை முதலில் எடுக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவு செய்வது ஒளிப்பதிவாளருக்கும் உங்களுக்கும் உதவும். நடிகர்களுக்கு அதைக் காட்ட வேண்டாம். தம்மைப் பார்த்துவிட்ட நடிகர் அடுத்த முறை தம்மையே திருத்தத் தொடங்கிவிடுவார்.

கடைசி இரண்டு நாள்கள்

ஒன்பதாம் நாள் தரையில் டேப் ஒட்டி, படப்பிடிப்பு நடக்கவிருக்கும் வீட்டின் அறைகளை உண்மையான அளவில் குறித்து, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது உட்பட எல்லாவற்றையும் வரைந்துவிடுங்கள். அந்த வீட்டுக்கே போய் ஒத்திகை பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. எந்த நாற்காலி யாருடையது என்பதை நடிகர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். ஒளிப்பதிவாளர் வந்து பார்க்கட்டும். ஆனால் நடிகர்களின் நடமாட்டத்தை முதலில் அவர்கள் போக்கில் பார்த்துவிட்டு, பிறகு லென்ஸுக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள். முதலிலேயே குறியிட்டு நிற்கச் சொன்னால், தம் சொந்த வீட்டில் வழி தேடும் விருந்தாளிகளைப் போல நடப்பார்கள்.

படப்பிடிப்பு கதை வரிசையில் நடக்காது. மூன்றாம் நாளில் இறுதிச் சமரசத்தையும் இருபதாம் நாளில் முதல் சண்டையையும் எடுக்க நேரலாம். எனவே பத்தாம் நாள் தேர்ந்தெடுத்த காட்சிகளைக் கதை வரிசையில், இடையில் நிறுத்தாமல், அடங்கிய குரலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரே ஒரு தாள் கொடுங்கள். அவருடைய காட்சிகள் கதை வரிசையில் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரில், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்திருக்கிறது, அவர் யாரிடம் எதை மறைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கட்டும். தளத்தில் விளக்குகள் அமைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நடிகர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டால் நீங்கள் நீண்ட விளக்கம் சொல்ல வேண்டியிராது.

படப்பிடிப்பின் முதல் நாளுக்கு எந்தக் காட்சியை வைப்பது என்பதில் உங்கள் குரலும் இருக்க வேண்டும். லொகேஷன் வசதிக்காகக் கடினமான இருவர் காட்சியை அன்று வைத்துவிட அட்டவணை போடுபவர் விரும்புவார். இயன்றவரை அதை மாற்றி, குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்து ஏதேனும் ஒரு வேலை செய்யும், அதிக வசனம் இல்லாத காட்சியை முதலில் எடுங்கள். ஒத்திகையில் துணி மடித்த அதே ஆறு பேர் மறுபடி துணி மடிக்கட்டும். அவர்களுக்கு அந்த வேலை தெரியும், கைகளுக்கு இடமும் தெரியும்; கேமராவும் ஐம்பது பேர் கொண்ட குழுவும் மட்டும்தான் அன்று அவர்களுக்குப் புதிது.